கோடு நின்ற இடம்

ஊதல்குறிச்சிக்கு அந்த அழுகை ஆடி மாதத்து மேல்காற்றோடுதான் வந்து சேர்ந்தது. மலைக்கணவாய் வழியாகக் காற்று நேரே வந்து இறங்குகிற ஊர் அது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் வாய்க்கு ருசியாகச் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் பழமொழி என்றே நினைப்பதில்லை, கொடியில் போட்ட வேட்டியைக் கிழக்கே அடுத்த ஊர்க் கருவேலங்காட்டில் தேடி எடுத்து வந்து பழகியவர்கள். அந்தக் காற்றில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர்களும், குளத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவர்களும், பஞ்சாயத்து ஆபீசில் கையெழுத்துக்குக் காத்திருந்தவர்களும், கையெழுத்துப் போடாமல் காக்க வைத்திருந்தவரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். கண் எரியவில்லை, மூக்கு அரிக்கவில்லை, புகை என்று சொல்ல ஒன்றுமில்லை. அழுத அத்தனை பேர் மடியிலும் ஒரு தலை கனத்தது. வயசுப்பிள்ளையின் தலை, ஈரமுடி விரலிடுக்கில் சிக்குகிற தலை. குனிந்து பார்த்தால் மடி வெறுமையாக இருக்கும், ஆனால் முழங்கால் மரத்துப்போகும். உச்சிப்பொழுதில் காற்று தணிந்ததும் கனம் இறங்கிவிட, எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட வேலையைத் தொட்டார்கள்.

முதல் நாள் ஊர் பயந்தது, மறுநாள் பேசியது, அதற்கடுத்த வாரம் அதை வைத்து வாழக் கற்றுக்கொண்டது. சலூன்காரர் காலைக் காற்று எழும் முன்னே கத்தியைக் கழுவி வைத்துவிட்டார், அழுகிற கையிடம் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்? கணக்கு வாத்தியார் தன் வகுப்பை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டார், பிள்ளைகள் எப்படியும் அழத்தானே போகிறார்கள் என்று. நாதியற்றுப் போவார் என்று ஊரே சபித்து வைத்திருந்த அரிசி ஆலை முதலாளி செத்தபோது, அவருடைய மகன்கள் பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தார்கள், காற்று வந்ததும் தூக்கினார்கள், தெரு இரண்டு பக்கமும் நின்று கதறிய கதறலைப் பார்த்து வெளியூர்ச் சம்பந்திகள் அசந்துபோனார்கள். ஆடியென்றும் பாராமல் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்வீட்டுச் சனமெல்லாம் ஓவென்று அழுதபோது, "எங்க ஊர்ல பாசம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சமாளித்தார் பெண்ணின் தகப்பன். தையல்கடை பிச்சம்மாள் வெட்டுத்துணியில் கைக்குட்டைகளாகத் தைத்துக் கடைவாசலில் தொங்கவிட்டாள். யார் தலை அது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லித் தொலைப்பார்களே.

பதில் தெரிந்தவர்கள் ஊரில் ஐந்து பேர். நான்கு பேர் ஆண்கள். போன ஐப்பசியில் பழைய கல்குவாரித் தண்ணீரில் ஏசுவடியானின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, அவன் திமிறி ஓய்கிறவரை அமுக்கி வைத்திருந்தவர்கள். மலைக்கு அந்தப்பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன் அவன். செய்த குற்றம் ஊர்த்தலைவர் கோமதிநாயகத்தின் தம்பி மகள் சொர்ணத்தைக் கட்டிக்கொண்டது. அந்த ஈரமுடியை அந்த நான்கு பேருடைய விரல்களும் மறக்கவில்லை. மற்றவர்கள் அழுதுவிட்டுச் சாப்பிடப் போனார்கள், இவர்களுக்கு மட்டும் சோற்றில் கை வைத்தால் முடி தட்டுப்பட்டது.

ஐந்தாவது ஆள் செண்பகவடிவு. சொர்ணத்தின் அக்கா.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்து மேட்டில், காற்றை ஆராய்கிற ஒரு நிலையம் இருந்தது. ஊர் அதைக் காத்தாபீசு என்றது. நகரத்திலிருந்த பெரிய ஆட்கள் அதைக் கட்டிவிட்டுப் போக, அதைக் கவனித்துக்கொண்டவள் செண்பகவடிவு ஒருத்திதான். படித்து வாங்கிய வேலை, தங்கை ஓடிப்போன வீடு என்று ஆன பிறகு பெண் கேட்டு எவரும் வராததால் அதுவே அவளுக்குக் குடும்பமும் ஆகிவிட்டது. கூரைமேல் நிற்கும் குழாய் இரவும் பகலும் காற்றை உறிஞ்சும், உள்ளே வட்டமான வெள்ளைத்தாளில் அந்தக் காற்றிலுள்ள தூசி படியும், காலையில் தாளை எடுத்து நிறம் பார்ப்பாள். செம்மண் நிறமென்றால் எங்கோ வறண்ட தேசத்துப் புழுதி, கருப்பென்றால் வைக்கோலோ விறகோ எரிந்த இடம், வெள்ளையாகப் பூத்திருந்தால் கடல் உப்பு. தாள் என்ன வந்தது என்று சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்குக் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். இந்தக் காற்று ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கே இருந்தது, அதற்கு முன் எங்கே, நேற்று எங்கே என்று அது வந்த வழியே பின்னோக்கிப் போய் வரைபடத்தில் ஒரு கோடு போடும். எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்பதை இவள்தான் சொல்ல வேண்டும், சொன்ன இடத்தில் கோடு நின்றுவிடும். கோடு நின்றது நாம் நிறுத்தியதால், காற்று அங்கே பிறந்ததால் அல்ல என்பது அந்த வேலையில் முதல் பாடம். புதிதாய் வரும் பயிற்சிப் பிள்ளைகளிடம் அவளே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அழுகை வந்த நாள்களில் தாள் வெள்ளையாகப் பூத்து, ஓரமெல்லாம் இழுத்துச் சுருங்கி, அழுது காய்ந்த கன்னம் மாதிரி விறைத்துக் கிடந்தது. நகரத்துக்குப் போன் போட்டாள். "ஆடியில மேல்காத்துல உப்பு வராம சர்க்கரையா வரும்? கடல் உப்புன்னு எழுதி அனுப்புங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. எழுதி அனுப்பினாள். பிறகு கோட்டை ஓட்டினாள். அது கணவாயில் ஏறியது, மலைமேல் கல்லாற்றுப்பாறையைக் கடந்தது, அங்கிருந்து மேற்கே சரிந்து ஏலக்காய்த் தோட்டங்கள்மேல் போய், பெயர் மாற்றிக்கொண்டு, அக்காவுக்கு மட்டும் தெரிய, சொர்ணம் ஒளிந்திருந்த வேறொரு எஸ்டேட்டின் கூலிக்காரர் லயத்தின்மேல் விழுந்தது. அதற்குமேல் கோட்டைப் போகவிடச் செண்பகவடிவுக்கு மனம் வரவில்லை, அங்கேயே நிறுத்தி அழித்துவிட்டாள். மடியில் புருஷன் தலையை வைத்துக்கொண்டு தங்கச்சிதான் அழுகிறாள் என்று முடிவு கட்டினாள். ஊரோடு சேர்ந்து அவளும் அழுதாள்; அவள் அழுகையில் பாதி காற்றில் வந்தது, பாதி சொந்தமானது.

ஆடி பாதி கழிந்தபோது கோமதிநாயகம் காத்தாபீசுக்கு வந்தார். கூட அந்த நால்வரில் மற்ற மூன்று பேரும் வந்து வாசலில் நின்றார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"எம்மா வடிவு, காத்து எங்கன கூடி வருதுன்னு இந்தப் பொட்டி சொல்லுமாமே?"

"தோராயமாத்தான் சொல்லும் பெரியப்பா."

"தோராயம் போதும். எவளோ நம்ம ஊருக்குச் செய்வினை வச்சிருக்கா. அழுது அழுதே வைக்கா. அவ எங்கன இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்." பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்காதுன்னு நெனைக்கேன். அப்படி இருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"எனக்கு எப்படிப் பெரியப்பா தெரியும்?" என்றாள்.

"நாளைக்குக் கோட்ட போட்டு வை. ஊருக்கு நடுவுல ஒட்டணும்."

ஊதல்குறிச்சியில் களவு போனால் போலீசுக்குப் போக மாட்டார்கள், மை பார்ப்பார்கள். மைக்காரர் வெற்றிலையில் மையைத் தடவி, அதை உற்றுப் பார்த்தபடி களவாணி போன பாதையைச் சொல்லிக்கொண்டே வருவார்: கோயிலைத் தாண்டுதான், குளத்தங்கரையில போறான், வேப்பமரத்து வீட்டைக் கடக்கான், இந்தா நின்னுட்டான். நின்ற வீட்டுக்காரனைப் பிடித்து வந்து தூணில் கட்டுவார்கள். பாதை கடந்துபோன வீடுகளை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள், அந்த வீட்டுக்காரர்களும் கூட வந்து இரண்டு அடி போடுவார்கள். கோட்டையும் அவர்கள் மை மாதிரிதான் படிப்பார்கள் என்று செண்பகவடிவுக்குத் தெரியாதா? தெரியும், அங்கேயே பிறந்து வளர்ந்தவள்தானே. ஆனால் மாசக்கணக்காகச் சொர்ணத்தை மலை மலையாகத் தேடிய பெரியப்பாவின் விரல் அந்தக் கோட்டின்மேல் ஊர்ந்துபோவதை நினைத்தபோது அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த லயத்தைக் கோடு தொடவே கூடாது. தங்கச்சி உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

அதனால் கோட்டைக் குறுக்கினாள். கொஞ்சம் போதும் என்று சொன்னதும் அது கணவாயில் ஏறி, கல்லாற்றுப்பாறைமேல் போய் நின்றுகொண்டது. கல்லாற்றுப்பாறையில் கரிமூட்டம் போடுகிற ஏழெட்டுக் குடும்பங்கள் குடிசை கட்டி இருந்தன. அவர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை, அவர்களுடைய புகையைத்தான் தாளில் கருப்பாகப் பார்த்திருக்கிறாள். ஆடியில் விறகு நனைந்துவிடும், மூட்டம் பிடிக்காது, குடும்பங்கள் மலையிறங்கிக் கூலிவேலைக்குப் போய்விடும் என்பது வருஷா வருஷம் தாள் சொன்ன கணக்கு. இந்த வருஷமும் ஒரு மாதமாகத் தாளில் கருப்பில்லை. கரியில்லை, ஆகவே ஆளில்லை என்று தேற்றிக்கொண்டாள். போய் வெறும் குடிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும், அதற்குள் மேல்காற்றும் ஓய்ந்துவிடும் என்று எண்ணிக் கோட்டை அச்செடுத்துக் கொடுத்தாள்.

கரியைக் காட்டிய தாள் ஆளைக் காட்டுவதில்லை. மூட்டம் போடாமல் மழையில் முடங்கிக் கிடந்த குடிசைகளில் சனம் இருந்தது. அந்த வருஷம் அவர்கள் இறங்காததற்குக் காரணம், மாடத்தி என்கிற பெண் பிள்ளை பெற்றுப் பச்சையுடம்பாகக் கிடந்ததுதான்.

கோமதிநாயகமும் ஆட்களும் லாரியில் காலையில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அன்று கோயிலில் சாம்பார் சாதம் போட்டார்கள். "யார் மேலயும் கை வைக்கல, பாத்துக்கிடுங்க. சாமானத் தூக்கி வெளிய போட்டோம், கூரையில தீய வச்சோம், கெளம்புன்னு சொன்னோம். கண்ணியமா முடிச்சிட்டு வந்துட்டோம்" என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னார் தலைவர். அடிக்கக்கூட இல்லையா என்று ஆச்சரியப்பட்டவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுமையா என்று மெச்சினார்கள். அந்தச் சனம் மழையில் எந்தப் பக்கம் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. செண்பகவடிவு கையில் இலையோடு நின்றிருந்தாள். ஆட்கள் இருந்தார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் அவள் இலைக்கே வந்து சேர்ந்தன.

மூன்றாம் நாள் காற்று திரும்ப எழுந்தது. தலை பழையபடி மடியில் வந்து படுத்தது. கூடவே கைகளில் இன்னொரு கனம் வந்தது. சின்னக் கனம், துணியில் சுற்றின கனம், ஒரு படி அரிசிக்கும் கொஞ்சம் கூட. தலையின் கனம் முழங்காலைத்தான் மரக்கச் செய்தது, இது முழங்கையைத் தானாக மடங்கச் செய்தது. மூட்டை தூக்குகிறவர்களும் போஸ்ட்மேனும் அர்ச்சகரும் கடைத்தெருவில் இடது கையை மடக்கி வலது கையால் அணைத்துக்கொண்டு நின்றார்கள். கனம் குளிர்ந்திருந்தது, அசையவில்லை. மலையிலிருந்து இறங்கிய பஸ் கண்டக்டர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது, கரிக்காரச் சனம் ராத்திரி முழுக்கப் பாறையிடுக்கில் நனைந்துகொண்டு இருந்ததும், விடிவதற்குள் பச்சைக்குழந்தை ஒன்று விறைத்துப்போனதும். "ஐயோ பாவம்" என்றது ஊர். சொல்லிவிட்டுக் கையை ஆட்டியது.

ஆமாம், ஆட்டியது. கையில் குழந்தைக் கனம் இருந்தால் கை சும்மா இருக்குமா? முதலில் பெண்கள் ஆட்டினார்கள், பிறகு ஆண்களும் பார்க்காத நேரத்தில் ஆட்டினார்கள், பிறகு வெட்கம் விட்டுப்போயிற்று. கோயில் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆராரோ பாடினார்கள். ஜவுளிக்கடைக்காரர் தொட்டில் சீலையை வாசலில் விரித்துக் காட்டினார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லாத தையல்கடை பிச்சம்மாள், பிறந்து பிறந்து செத்த பிள்ளைகளுக்குப் பின் பிறந்ததால் பிச்சை என்று பெயர் வைக்கப்பட்டவள், காற்று எழுகிற நேரம் பார்த்துக் குளித்து, தலையாற்றி, மிஷினை மூடிவிட்டு, மார்ச்சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடி முடியக் கூடாதே என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அழுகை நிற்காததால் பெரியப்பா கோட்டைத் திரும்பக் கேட்பார், இனித் தங்கையை அங்கே விட்டு வைக்க முடியாது என்று செண்பகவடிவு பஸ் ஏறினாள். கணவாயைத் தாண்டி, கோடு போன வழியிலேயே போனாள். லயத்தின் கடைசி அறையில் சொர்ணம் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் கல்லாக இருந்தது.

"அழாதட்டி, சொர்ணம்" என்று கட்டிக்கொண்டாள் அக்கா. "நீ அழுத அழுகையில ஊரே மடியப் புடிச்சுக்கிட்டு நிக்கி. இனி அழாத."

சொர்ணம் அவளை விலக்கிப் பார்த்தாள். "நான் எங்கக்கா அழுதேன்?"

"எங்கிட்ட எதுக்கு மறைக்க?"

"சத்தியமா சொல்லுதேன், அன்னைக்கிருந்து ஒரு பொட்டுத் தண்ணி வரல. அழுதா நல்லாருக்கும்னு நானுந்தான் பாக்கேன். வரமாட்டேங்குது." ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டாள். "அவரத் தூக்கிட்டு வந்தப்ப எம் மடியில கூட வைக்க விடல. அவரப் பெத்த அத்ததான் மடியில வாங்கிக்கிட்டாவ. தலையத் தொவட்டித் தொவட்டி விட்டாவ, பெறவும் ஈரம் போகலன்னு அழுதாவ. இப்ப மேக்க கடக்கரையில மக வீட்ல இருக்காவ. இன்னும் தொவட்டுற மாதிரி கையை வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டேதான் இருக்காவளாம்."

செண்பகவடிவு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சிப் பிள்ளைகளுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்ன பாடம். கோட்டைத் தன் பயம் நின்ற இடத்தில் நிறுத்தி, அதுவே ஊற்று என்று அவளே நம்பியிருந்தாள். மேற்கே இன்னும் ஒரு சாண் போகவிட்டிருந்தால் கோடு தங்கச்சியின் கூரையைக் கடந்து, கடற்கரையைக் கடந்து, தண்ணீருக்கே போயிருக்கும். அவள் சொர்ணத்திடம் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. கையிலிருந்த பணத்தைக் கொடுத்து, தன் கல்லூரித் தோழி ஒருத்தி இருந்த வடக்கத்தி நகரத்துக்கு அன்றைக்கே ரயிலேற்றிவிட்டாள். ரயில் போன பிறகு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் கோமதிநாயகம் ஆள் அனுப்பினார். தலை இன்னும் போகவில்லை, கூட ஒரு சின்னதும் வந்து சேர்ந்திருக்கிறது, கோடு தப்பு, திரும்பப் போடு. இப்போது அவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. வழக்கமாக ஓட்டுகிற அளவுக்குப் பல நாள் பின்னால் போ என்று கோட்டை விட்டாள். அது கணவாயில் ஏறி, கல்லாற்றுப்பாறையையும் சொர்ணம் காலிசெய்துவிட்ட லயத்தையும் கடற்கரையையும் கடந்து, நடுக்கடலில் எங்கோ ஆளரவமற்ற நீலத்தில் போய் நின்றது. அதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். பெரியப்பாவின் விரல் மற்ற எதன்மேலும் படாமல் நேரே நுனிக்குப் போனது.

"இது என்னதும்மா, வெறும் தண்ணியாலா இருக்கு?"

"கடல் பெரியப்பா."

கோமதிநாயகம் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "இத மொதல்லயே போட்டிருக்கலாம்லா? கடலு அழுதா என்ன செய்ய முடியும்? கடலப் போயி வெட்டவா முடியும்? கும்புட்டுட்டுச் சும்மா கெடந்திருப்போம். வீணா அந்தக் கரிக்காரப் பயலுவ வரைக்கும் டீசலடிச்சுப் போயி…" என்று தலையை ஆட்டினார். "போவட்டும், தெரியாமத்தானே செஞ்சோம். நீயுந்தான் என்ன செய்வ, பொட்டி காட்டுனதத்தான குடுப்ப."

"ஆமா பெரியப்பா" என்றாள் செண்பகவடிவு.

அடுத்த ஞாயிறு ஊரே வேன் பிடித்துக் கடலைக் கும்பிடப் போனது. கோடு காட்டியது மேற்குக் கடலை, ஊருக்குப் பக்கம் கிழக்குக் கடல். எல்லாம் ஒரே தண்ணிதானே என்று கிழக்கே போனார்கள். தேங்காய் உடைத்து, மஞ்சள் கலக்கி, தலைமுழுகி, வறுத்த மீன் தின்று திரும்பினார்கள். அந்த நான்கு பேரும் முங்கி எழுந்ததும் விரலிலிருந்த முடி அறுந்துபோனது மாதிரி இருந்தது என்றார்கள், அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிடவும் தொடங்கினார்கள். அவர்களைக் கடவுள் கேட்பார் என்று நானும் சொல்ல ஆசைப்படுகிறேன், கேட்டதாகத் தகவல் இல்லை. காற்று என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. தலை மடிக்கு வந்தது, சின்னது கைக்கு வந்தது, ஊர் அழுதது, ஆட்டியது, உச்சிப்பொழுதில் துடைத்துக்கொண்டது.

ஆவணி பிறக்க இருந்த சமயம், காற்று முழுமூச்சாக அடித்த ஒரு காலையில், மலைப்பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு பெண் கடைத்தெருவுக்குள் வந்தாள். கிழிசல் சேலை, கட்டிப்போன பாலில் நனைந்து காய்ந்த ரவிக்கை. அவளை யாருக்கும் தெரியாது. பழைய சீலைத்துணி ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருப்பாள். தெருவில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். இரண்டு பக்கமும் சனம் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வெறும் கையைத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். பிறகு, தையல்கடை வாசலில் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். பச்சைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பிச்சம்மாளின் வலது உள்ளங்கை அந்தக் கழுத்துக்கு அண்டை கொடுத்திருந்தது. அந்தப் பெண் அவள் முன்னால் போய்க் குந்தினாள்.

"பொம்பளப் பிள்ளையாம்மா?"

"ஆமா" என்றாள் பிச்சம்மாள், கண்ணைத் திறக்காமலே.

"என் பேரு மாடத்தி. கல்லாத்துப்பாறை." இரண்டு கையையும் நீட்டினாள். "ஒரே ஒருவாட்டி எங்கிட்ட குடுங்கம்மா. பால் குடிக்கிற நேரம்."

பிச்சம்மாள் கண்ணைத் திறந்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். சட்டென்று உடம்பை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் வெறுமையை மூடினாள். "இது எம் பிள்ள. போ அங்கிட்டு."

மாடத்தி எழுந்து அடுத்தவரிடம் போனாள். ஜவுளிக்கடைக்காரர், "காத்து நிக்கிற வரைக்கும் எங்களால எந்திரிக்க முடியாதும்மா, பெறவு வா" என்றார். அர்ச்சகர் தள்ளி நில்லு என்றார். கணக்கு வாத்தியார் அழுதபடியே கும்பிடு போட்டார். யாரும் அவளை அடிக்கவில்லை, கண்ணியமான ஊர். அவள் கையை நீட்டிக்கொண்டே தெருக்கோடிவரை வந்தாள். தெருக்கோடியில், நகரத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்களைக் கூரியர் கடையில் கொடுக்க வந்த செண்பகவடிவு, காற்றில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களாச்சும் குடுங்கம்மா" என்றாள் மாடத்தி.

அவள் யாரென்று செண்பகவடிவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஒக்காரு" என்றாள். மாடத்தி அவசரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்து, கையை ஏந்தி வைத்துக்கொண்டாள். செண்பகவடிவு குனிந்தாள், உயிருள்ளதை இறக்குகிற பதவிசோடு இறக்கினாள், அந்தக் கைகளின்மேல் தன் கைகளைக் கொண்டுபோய் வைத்தாள். கனம் நகரவில்லை. அவள் முழங்கையிலேயே, குளிர்ந்து, அசையாமல், ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்தக் கனம் கிளம்பியதே மாடத்தியிடமிருந்துதான். கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போகும் வழி அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

"வச்சிட்டீயளா?" என்று கேட்டாள் மாடத்தி. ஏந்திய கையைப் பார்த்தாள், முகத்தைத் தூக்கிச் செண்பகவடிவைப் பார்த்தாள். "கனக்கவே இல்லையே."

செண்பகவடிவு கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"வச்சிட்டேன்" என்றாள். "கனம் இல்லாத பிள்ளதான். நல்லா அணைச்சுப் பிடி."

மாடத்தி குனிந்து, ஒன்றுமில்லாத கையை மாரோடு சேர்த்து அணைத்து, மெதுவாக ஆட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "நீங்க நல்லாருப்பீய தாயி" என்றாள். செண்பகவடிவு கையிலிருந்த குழந்தையை அவளுக்குத் தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, காற்று நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.